நிறைமாதக் குழந்தையின் விழித்திரையை எப்போது பார்க்க வேண்டும்? செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

"மாசம் நெறஞ்சு பொறந்த பிள்ளைக்குக் கண்ணுல என்னத்தப் பாக்கப் போறீக?" என்ற கேள்வியைக் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களிடமிருந்து, பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்த காலம் முழுவதும் நான் கேட்டிருக்கிறேன். கேட்பவர் பெரும்பாலும் குழந்தையின் ஆயாவாகவோ அப்பத்தாவாகவோ இருப்பார். கேள்வியில் நியாயம் உண்டு. மாதம் நிறைந்து பிறந்து, நன்றாக அழுது, பால் குடித்து, மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகும் குழந்தைக்குச் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டிய தேவை பொதுவாக இல்லை. வீட்டுக்கு அனுப்பும் முன் குழந்தை மருத்துவர் இரு கண்களிலும் ஒளியைப் பாய்ச்சி, கண்மணிக்குள்ளிருந்து சிவந்த ஒளி ஒரே மாதிரி திரும்பி வருகிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் மாதம் நிறைந்தோ ஏறத்தாழ நிறைந்தோ பிறந்த குழந்தைகளில் ஒரு சிறு பகுதியினருக்கு அந்தச் சோதனை போதாது. அந்தச் சிறு பகுதியில் உங்கள் குழந்தை இருக்கிறதா என்று அறிந்துகொள்வதற்கும், இருந்தால் எந்த நாளுக்குள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதற்குமே இதை எழுதுகிறேன்.

கடைமடைக்கு எட்டாத இரத்தம்

விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கருவின் 16ஆம் வார அளவில் கண் நரம்பின் முனையிலிருந்து புறப்பட்டு, விளிம்பை நோக்கி மெல்ல வளர்கின்றன. மூக்குப் பக்கத்து விளிம்பை அவை 36ஆம் வார அளவில் எட்டிவிடும். நெற்றிப்பொட்டுப் பக்கத்து விளிம்பு தூரமானது என்பதால் அங்கே போய்ச் சேர ஏறத்தாழ 40 வாரம் ஆகிவிடுகிறது. நம் கண்மாய்ப் பாசனத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். கண் நரம்பு மடை. பொட்டுப் பக்கத்து விளிம்பு கடைமடை. 35 வாரத்தில் 2,200 கிராம் எடையோடு பிறக்கும் குழந்தை பார்ப்பதற்குக் குறைமாதக் குழந்தையாகவே தெரியாது. ஆனால் அதன் கண்ணில் கடைமடைக்குத் தண்ணீர் இன்னும் போய்ச் சேரவில்லை.

அந்த நேரத்தில் குழந்தைக்கு அளவுக்கு மீறிய ஆக்சிஜன் கிடைத்தால், குழாய்களை வளரத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதம் குறைந்து, வளர்ச்சி பாதி வழியில் நின்றுவிடுகிறது. சில வாரங்கள் கழித்து, வளர்ந்துவிட்ட விழித்திரை இரத்தம் போதாமல் திணறும்போது அதே புரதம் அளவின்றிச் சுரந்து, கரையை உடைத்துக்கொண்டு ஓடும் வாய்க்கால்போல, முறையற்ற புதுக் குழாய்கள் கிளம்புகின்றன. அவை கசியும், இரத்தம் கொட்டும், தழும்பாகச் சுருங்கி விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடும். குறைமாத விழித்திரை நோய் என்றும் ஆர்.ஓ.பி. என்றும் சொல்லப்படுவது இதுதான். மேலை நாடுகளில் இது மிகச் சிறிய குழந்தைகளின் நோயாகிவிட்டது. அமெரிக்காவில் 1,500 கிராம் அல்லது 30 வாரம் என்ற எல்லைக்குள் பிறந்தவர்களையே கட்டாயம் பார்க்கிறார்கள். நம் நாட்டில் அதைவிடப் பெரிய குழந்தைகளுக்கும் வருவதால், 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளையும் 2,000 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளையும் ஒருவர் விடாமல் பார்க்க வேண்டும் என்றும், 34 முதல் 36 வாரம் வரை பிறந்தவர்களை ஆபத்துக் காரணிகள் இருந்தால் பார்க்க வேண்டும் என்றும் விதி வகுத்திருக்கிறார்கள்.

ஆக்சிஜனே தொடாத, முழு எடையுள்ள குழந்தைக்கும் குழாய்கள் கடைமடைக்கு எட்டாமல் நின்றுபோவது உண்டு. அதற்குக் காரணம் மரபணு. இவற்றில் முதன்மையானது குடும்ப வழி விழித்திரைக் குழாய் நோய், மருத்துவர்கள் எஃப்.இ.வி.ஆர். என்பார்கள். கிரிஸ்விக், ஷெப்பன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1969இல் இதை முதலில் விவரித்தபோது, குறைமாதத்தில் பிறக்காத, ஆக்சிஜனில் வைக்கப்படாத பிள்ளைகளின் கண் ஆர்.ஓ.பி. கண்ணைப் போலவே இருந்ததுதான் அவர்களுடைய கவனத்தை ஈர்த்தது. ஆர்.ஓ.பி. ஒரு முறை அடங்கினால் பெரும்பாலும் அடங்கியதுதான். எஃப்.இ.வி.ஆர். அப்படியல்ல; பல ஆண்டு உறங்கிக் கிடந்து, பள்ளிப் பருவத்திலோ அதற்கும் பின்னரோ மறுபடி கிளம்பக்கூடியது.

எந்தக் குழந்தைக்குப் பார்க்க வேண்டும்

34 முதல் 36 வாரத்தில் பிறந்த குழந்தை ஆக்சிஜனிலோ, மூக்கு வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபாப் கருவியிலோ, வென்டிலேட்டரிலோ இருந்திருந்தால், இரத்தத்தில் கிருமித் தொற்று ஏற்பட்டிருந்தால், இரத்தம் ஏற்றப்பட்டிருந்தால், அல்லது எடை ஏறாமல் திணறியிருந்தால், கண் பரிசோதனை வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருக்காமல் அது எந்தத் தேதியில் என்று கேளுங்கள். 37 வாரம் கடந்து பிறந்தும் பிறப்பின்போது மூச்சுத் திணறி நீண்ட நாள் வென்டிலேட்டரில் கிடந்த குழந்தைக்கு விதிப்படி கட்டாயம் இல்லை. பார்ப்பதா என்பது மருத்துவரின் முடிவு. ஆயினும் அந்த முடிவை அவர் எடுத்தாரா, மறந்தாரா என்பதை வீட்டார் தெரிந்துகொள்ளலாம்.

பிறந்த சில நாட்களில், பெண் குழந்தையின் கை கால்களிலோ விலாவிலோ சிறு நீர்க்கொப்புளங்கள் கோடுபோட்டாற்போல வரிசையாக எழும்பினால், நம் பக்கத்தில் முதலில் வாயில் வரும் சொல் "அக்கி" என்பது. செங்காவி குழைத்து அக்கி எழுதக் கூட்டிப்போகிறார்கள். வரிசைக் கொப்புளங்கள் இன்கான்டினென்ஷியா பிக்மென்டை என்ற மரபணு நோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். அந்நோயில் கொப்புளம் வற்றி, மருப்போல் தடித்து, பின்பு சாம்பல் பழுப்புச் சுழிகளாகத் தோலில் படியும். தோல் தானே சரியாகிவிடும், ஆனால் அதே குழந்தையின் விழித்திரைக் குழாய்கள் முதல் சில மாதங்களிலேயே அடைபட்டு, சீக்கிரத்தில் விழித்திரை பிரிந்துவிடக்கூடும். ஆகவே தோல் மருத்துவர் சந்தேகப்பட்ட அந்த வாரத்திலேயே விழித்திரையையும் பார்த்துவிட வேண்டும். அதன் பின்னரும் முதல் சில மாதங்களுக்கு அடிக்கடி பார்க்க வேண்டும். கொப்புளத்துக்குக் காரணம் ஹெர்பீஸ் கிருமியாக இருந்தாலும் பச்சிளங்குழந்தைக்கு அது உயிர் ஆபத்து என்பதால், எப்படிப் பார்த்தாலும் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனையே.

இரு கண்மணிகளிலும் பிறந்த சில வாரங்களிலேயே வெண்மை தெரியும் ஆண் குழந்தைக்கு நோரி நோய் இருக்கலாம். அது தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது, பிற்பாடு காதையும் பாதிக்கக்கூடியது. ஒரு கண் மட்டும் சிறுத்து வெளுத்திருந்தால், கருவில் மறைந்திருக்க வேண்டிய குழாய்கள் மறையாமல் தங்கியிருக்கலாம். எந்த வயதிலும் கண்மணி வெளுத்துத் தெரிந்தால் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் இல்லை என்று முதலில் உறுதி செய்தாக வேண்டும். அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது.

அஞ்ச வேண்டாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இயல்பான பிரசவத்தில், குறிப்பாக வேக்குவம் வைத்து எடுத்த குழந்தைகளில், விழித்திரையில் சிறு இரத்தத் திட்டுகள் தெரிவது சாதாரணம். பெரும்பாலானவை சில வாரங்களில் தாமாகவே கரைந்துவிடும்.

வளவில் உட்கார்ந்து எழுத வேண்டிய ஒரு தாள்

எஃப்.இ.வி.ஆர். நோயைக் கண்டுபிடிக்கும் முதல் கருவி கேமரா அன்று. வீட்டில் இருக்கும் மூத்த பெண்மணியின் ஞாபகம். நகரத்தார் வீடுகளில் யார் எந்தக் கோயில், யார் யாருக்கு அயித்தை மகன், எந்தப் பெண் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்பதை நான்கு தலைமுறைக்கு விடாமல் சொல்லும் ஆச்சிகள் இன்றும் உண்டு. அந்த ஞாபகத்தை ஒரு தாளில் இறக்கிக்கொள்ளுங்கள். பாட்டன் பாட்டி, பெற்றோர், அவர்களுடன் பிறந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள் என்று, பெண்ணுக்கு வட்டமும் ஆணுக்குச் சதுரமும் போட்டு எழுதி, சொந்தத்துக்குள் மணந்தவர்களை இரட்டைக் கோட்டால் இணையுங்கள்.

கேட்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. "நம்ம குடும்பத்துல யாருக்காவது கண் நோய் இருந்துச்சா?" என்று கேட்டால் "ஒருத்தருக்கும் இல்ல" என்றே பதில் வரும். கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வளவில், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த எண்பது வயது ஆயாவிடம் நான் அப்படித்தான் தொடங்கினேன். இல்லை என்று கையை விரித்தார். பிறகு, "மாறுகண் யாருக்கு, ஆயா? சின்ன வயசுலயே சோடாபுட்டிக் கண்ணாடி போட்டது யாரு? ஒரு கண்ணு மட்டும் தெரியாம இருந்தவுக உண்டா?" என்று தனித்தனியாகக் கேட்டதும் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார். "எங்க சின்னய்யாவுக்குப் பள்ளிக்கூடம் போறப்பவே ஒரு கண்ணுல பூ விழுந்துருச்சு. அடிபட்டதுன்னு சொல்லுவாக. அவுக மகளுக்கும் கண்ணு கொஞ்சம் வெளிய ஒதுங்கித்தான் இருக்கும்" என்றார். பூ விழுந்த கண் என்று ஊர் சொல்லுவது எப்போதும் கருவிழிப் புண்ணாக இருப்பதில்லை. பிரிந்து வெளுத்த விழித்திரையும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பூப்போலத்தான் தெரியும். இந்நோயில் ஒரு கண் முழுதும் கெட்டு மறு கண் நன்றாக இருப்பது வழக்கம் என்பதால், "அடிபட்டது" என்ற விளக்கம் தலைமுறைகளாக நிலைத்துவிடுகிறது.

அவற்றோடு இளவயதில் விழித்திரை பிரிந்து அறுவை செய்துகொண்டவர், பிறவியிலோ இளமையிலோ காது மந்தமான ஆண்கள், சிறு அடிக்கே எலும்பு முறிந்தவர் ஆகியோரையும் குறித்துக்கொள்ளுங்கள். எலும்பை ஏன் கேட்கிறார்கள் என்று வியக்க வேண்டாம்: எஃப்.இ.வி.ஆர். நோய்க்குக் காரணமான மரபணுக்களுள் ஒன்றான எல்.ஆர்.பி.5 எலும்பின் அடர்த்தியையும் தீர்மானிக்கிறது. எஃப்.இசட்.டி.4, டி.எஸ்.பி.ஏ.என்.12, என்.டி.பி. என்பவை மற்ற முக்கிய மரபணுக்கள். குடும்பத்துக்குக் குடும்பம் இது கடத்தப்படும் வழி மாறும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தாலே போதும் என்ற வகைக்குச் சொந்தத்தில் மணப்பது காரணமில்லை. இருவரிடமிருந்தும் வர வேண்டிய வகைக்கு அம்மான் மகள், அயித்தை மகன் திருமணம் வாய்ப்பைக் கூட்டுகிறது. இதை யாரையும் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. உறவு முறையை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள் என்பதற்காகவே எழுதுகிறேன். இரத்தச் சோதனையில் மரபணு மாற்றம் எதுவும் அகப்படவில்லை என்பதால் நோய் இல்லை என்றாகிவிடாது.

முப்பதாம் நாளும் தீட்டும்

ஆர்.ஓ.பி.க்கான முதல் பரிசோதனை பிறந்த நான்கு வாரத்துக்குள், அதாவது 30ஆம் நாளுக்குள் நடந்துவிட வேண்டும். 28 வாரத்துக்கு முன் அல்லது 1,200 கிராமுக்குக் குறைவாகப் பிறந்திருந்தால் இரண்டாவது மூன்றாவது வாரத்திலேயே பார்க்க வேண்டும். எஃப்.இ.வி.ஆர். குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த முப்பது நாள் கணக்குப் பொருந்தாது. பிறந்த சில நாட்களிலேயே, முடிந்தால் தாயும் சேயும் வீடு திரும்பும் முன்பே பார்ப்பது நல்லது.

சிக்கல் என்னவென்றால், அந்த முப்பதாம் நாள் சரியாகத் தீட்டுக் காலத்துக்குள் விழுகிறது. தாய் வீட்டில் இரண்டாம் கட்டுக்குப் பின்னுள்ள அறையில், காற்றுப் படாமல் வைத்திருக்கும் பச்சைப் பிள்ளையைப் பேருந்தில் மதுரைக்குத் தூக்கிப்போவதா என்று பெரியவர்கள் தயங்குவது இயல்பு. நாற்பது கழியட்டும், ஒரு நல்ல நாள் பார்த்துப் போகலாம் என்பார்கள். 35 வாரத்தில் 2,300 கிராம் எடையோடு பிறந்து, ஒன்பது நாள் ஆக்சிஜனில் இருந்த ஓர் ஆண் குழந்தையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் கண் பரிசோதனைக்கான வரி வெறுமையாக இருந்ததை நான் கவனிக்காமல் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டேன். அவர்கள் எழுபதாம் நாள் வந்தபோது வலது கண்ணின் விழித்திரை பிரிந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு நான் யாரிடமும் "ஒரு மாசத்துல வாங்க" என்று சொன்னதே இல்லை. தேதியைக் கணக்கிட்டு, குழந்தையின் தடுப்பூசி அட்டையின் மேல்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதித்தான் கொடுப்பேன். நீங்களும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அங்கே அரவிந்த் கண் மருத்துவமனையும் அரசு இராஜாஜி மருத்துவமனையும் உள்ளன. சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவில், விழித்திரை மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று முன்னதாகவே விசாரித்துவிட்டால் ஓர் அலைச்சல் மிச்சம். தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இந்தப் பரிசோதனையும் மேல் சிகிச்சைக்கான பரிந்துரையும் வருவதால், மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் கேட்டுப் பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

பரிசோதனை நாள்

குழந்தைக்குப் பாலைக் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விட வைத்து, பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்னதாக முடித்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்திருக்கும்போது கண்ணை அழுத்திப் பார்த்தால் குழந்தை வாந்தி எடுத்துப் புரையேறக்கூடும். கண்ணில் மை இடாமல் கூட்டிவாருங்கள். திருஷ்டிப் பொட்டைக் கன்னத்தில் வைத்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தைப் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறையாக இரண்டு மூன்று தடவை விடுவார்கள். கன்னத்தில் வழிவதை ஒவ்வொரு முறையும் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும், ஏனெனில் அது தோல் வழியாக உடம்பில் இறங்கினால் இதயத் துடிப்பையும் வயிற்றையும் பாதிக்கும். இமையைச் சுற்றி வெள்ளைத் திட்டாக வெளுத்துத் தெரிவது அந்த மருந்தின் வேலை. சிறிது நேரத்தில் மறைந்துவிடும். பிறகு குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றி, மரப்பு மருந்து விட்டு, இமைகளைச் சிறு கம்பி வளையத்தால் விலக்கி, தலையில் மாட்டிய விளக்கோடும் கையில் பிடித்த வில்லையோடும் மருத்துவர் விளிம்பு வரை பார்ப்பார். அல்லது கண்ணின் மேல் வைத்துப் படம் எடுக்கும் அகலக் கோணக் கேமராவைப் பயன்படுத்துவார்கள். நாக்கில் வைக்கும் இரண்டொரு துளி சர்க்கரைக் கரைசல் குழந்தையின் வலியைக் குறைக்கிறது. பிள்ளை வீறிட்டு அழும். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தாய் உள்ளே நிற்க வேண்டும் என்பதில்லை, நிற்க முடியாதவர் நிற்க வேண்டாம்.

அன்று மாலை வரை வெயிலில் முந்தானையால் கண்ணுக்கு நிழல் கொடுங்கள். வெள்ளைவிழியில் சிவப்புக் கீறல்போல் தெரிந்தால் சில நாளில் போய்விடும். பால் குடிக்க மறுத்தாலோ, வயிறு உப்பினாலோ, மூச்சு இடையிடையே நின்றாலோ உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.

எஃப்.இ.வி.ஆர். சந்தேகம் என்றால் தாய், தகப்பன், உடன்பிறந்தோர் அனைவருடைய விழித்திரையையும் அதே நாளில் பார்ப்பார்கள். தமக்கு ஒரு குறையும் இல்லை என்று வந்த தகப்பனின் விழித்திரை விளிம்பில், குழாய்கள் பாதியில் நின்ற இடம் தெரிவது அரிதன்று; கைநரம்பில் சாயம் ஏற்றி எடுக்கும் படத்தில் அது தெளிவாகத் தெரியும். மருந்து விட்ட கண்ணோடு வண்டி ஓட்ட முடியாது. ஆதலால் குழந்தையைத் தூக்கவும் ஊர் திரும்பவும் மூன்றாவது ஆளை அழைத்துச் செல்லுங்கள்.

அறிக்கையைப் படிப்பதும் அதற்குப் பிறகும்

அறிக்கையில் மூன்று செய்திகளைத் தேடுங்கள்: மண்டலம் 1 முதல் 3 வரை, நிலை 1 முதல் 5 வரை, "பிளஸ்" உண்டா இல்லையா. மண்டல எண் சிறியதாக இருந்தால் குழாய்கள் நடுப்பகுதியிலேயே நின்றுவிட்டன என்று பொருள், அது மோசமானது. நிலை எண் பெரியதாக இருந்தால் மோசம். 4, 5 என்பவை விழித்திரை பிரிந்த நிலைகள். பிளஸ் என்றால் குழாய்கள் புடைத்து நெளிந்திருக்கின்றன, நோய் வேகமாக ஓடுகிறது. "விழித்திரை முதிர்ந்தது" என்று எழுதித் தரும் வரை, ஒன்று முதல் மூன்று வார இடைவெளியில் சொன்ன தேதிக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். "போன தடவை நல்லாத்தானே இருந்துச்சு" என்று விட்ட ஒரு தேதியில்தான் நோய் நிலை தாண்டுகிறது.

சிகிச்சை தேவை என்று சொல்லிவிட்டால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். தீவிர வகையில் அதற்கும் முன்பே. இதற்கு மட்டும் நாள் நட்சத்திரம் பார்க்காதீர்கள். லேசர், குழாய் எட்டாத விளிம்புப் பகுதியைச் சுட்டு, நடுப்பார்வையைக் காக்கிறது. கண்ணுக்குள் போடும் ஊசி, முன்பு சொன்ன வி.இ.ஜி.எஃப். புரதத்தை அடக்குகிறது; ஆனால் அதன் பலன் தீர்ந்த பின், மாதங்கள் கழித்தும் நோய் திரும்பக்கூடும் என்பதால் ஊசி போட்ட குழந்தையைக் கூடுதல் காலம் கண்காணிப்பார்கள். எஃப்.இ.வி.ஆர். குழந்தைக்கு லேசர் வெற்றியடைந்தாலும் கண்காணிப்பு வாழ்நாள் முழுதும் உண்டு.

வீட்டில் நீங்கள் பார்க்கக் கூடியவையும் உள்ளன. ஆறு முதல் எட்டு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கிறதா, மூன்றாம் மாதத்தில் அசையும் பொருளைக் கண்ணால் தொடர்கிறதா, கண் ஓயாமல் ஆடுகிறதா, விரலால் கண்ணைக் குத்திக் குத்தி அழுத்துகிறதா என்று கவனியுங்கள். மாதம் முந்திப் பிறந்திருந்தால், முந்திய வாரங்களைக் கழித்துக் கணக்கிடுங்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் ஒரு கண் சிவந்தும் மறு கண் வெளுத்தும் மஞ்சளித்தும் திரும்பத் திரும்பத் தெரிந்தால், படத்தை அழிக்காமல் செல்பேசியோடு மருத்துவரிடம் போங்கள்.

அந்தக் குடும்பத் தாளை மட்டும் மருத்துவமனைக் கோப்பிலேயே விட்டுவிடாதீர்கள். ஒரு நகலை வீட்டில் வைத்து, புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையையும், கண் பார்த்த தேதியையும் அதில் சேர்த்து எழுதுங்கள். வீட்டில் அடுத்துக் கருவுறும் பெண், அவள் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாலும், முதல் பரிசோதனைக்குப் போகும்போதே அதன் ஒரு படியைக் கையில் கொண்டு போகட்டும்.